குரங்கைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள்: கோல சிலாங்கூர் கரையில் ஒரு காலை நடை

கோல சிலாங்கூர் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருபவை மூன்று. புக்கிட் மலாவத்தியின் குரங்குகள், ஆற்றோரத்துக் கடல் உணவுக் கடைகள், இருட்டியதும் கம்போங் குவாந்தானில் மின்னும் மின்மினிப் பூச்சிகள். பள்ளி விடுமுறை வந்தால் காப்பாரிலிருந்தும், புக்கிட் ரோத்தானிலிருந்தும், பழைய பத்தாங் பெர்ஜுந்தாயான பெஸ்தாரி ஜெயாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கார்கள் வருகின்றன. குரங்குக்குப் பயற்றங்காய், மதியத்துக்கு நண்டு, இரவில் படகு. பிறகு வீடு.

இந்த மூன்றுக்கும் நடுவே, மலையடிவாரத்திலேயே, கடலை நோக்கிப் போகும் நடைபாதை ஒன்று இருக்கிறது. கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா என்பது அதன் பெயர். மலேசிய இயற்கைச் சங்கத்தின் முயற்சியால் 1987-இல் உருவானது. மலையிலிருந்து இறங்கி நடந்தே போய்விடலாம். ஆனாலும் அரை மணி நேரத் தூரத்தில் பிறந்து வளர்ந்த பலரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. “அங்க என்னா இருக்கு, சேறுதானே” என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

சேறுதான். ஆனால் மலைமேல் இருக்கும் குரங்கும், மேசைமேல் வரும் நண்டும், ஆற்றோரத்தில் மின்னும் பூச்சியும் அந்தச் சேற்றையும் அதில் வளரும் காட்டையும் நம்பித்தான் இருக்கின்றன. காலையில் இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்கி நடந்து பார்த்தால் இது தானாகவே புரியும்.

மலைமேல் இருப்பது ஒரு குரங்கல்ல, இரண்டு

நடையை மலைமேலிருந்தே தொடங்குவது நல்லது. 1784-இல் டச்சுக்காரர்கள் இந்தக் கோட்டையைப் பிடித்து அல்திங்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதைத் திரும்பப் பிடித்துவிட்டார். பழைய பீரங்கிகளும், 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கமும் இன்னும் அங்கே நிற்கின்றன. அங்கிருந்து மேற்கே பார்த்தால் முதலில் தெரிவது கடல் அல்ல, பச்சைக் காடு. கடல் அதற்குப் பின்னால் ஒரு கோடாகத்தான் தெரியும்.

இங்கே இரண்டு வகைக் குரங்குகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பழுப்பு நிறம், நீண்ட வால், கையில் பிளாஸ்டிக் பையைக் கண்டால் பிடுங்கிக்கொண்டு ஓடும் குணம் என்றால் அது கெரா. உடம்பு கருஞ்சாம்பலாக, மயிரின் நுனி வெள்ளி தடவியதுபோல் மினுங்க, உச்சி முடி கூம்பி நிற்க, சாதுவாக வந்து தோளில் உட்காருவது லோத்தோங். சிலாங்கூரில் வாழும் இந்த லோத்தோங்கைத் தனி இனமாகவே கருத வேண்டும் என்று சொல்லும் ஆய்வாளர்கள், அதன் அறிவியல் பெயரிலேயே சிலாங்கூரைச் சேர்த்திருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் இர்வின் பெர்ன்ஸ்டைன் 1968-லேயே ‘கோல சிலாங்கூரின் லோத்தோங்’ என்று ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். நமக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக இருக்கும் இந்தக் குரங்கு அறிவியல் உலகில் அவ்வளவு பழைய அறிமுகம்.

லோத்தோங் குட்டி பிறக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். கறுத்த தாயின் மடியில் அதைப் பார்ப்பவர்கள் வேறு ஏதோ குரங்கின் குட்டி என்றே நினைப்பார்கள். சில மாதங்களில் அந்த நிறம் போய்ச் சாம்பல் வந்துவிடும். அதுவரை கூட்டத்திலுள்ள மற்ற பெண் குரங்குகளும் முறைபோட்டுக் குட்டியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். லயத்து வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தால் அக்கம்பக்கமெல்லாம் இடுப்பில் தூக்கித் திரிந்த காலத்தை நினைவுபடுத்தும் காட்சி.

இந்தக் குரங்கின் முக்கிய உணவு இலை. அதன் வயிறு மாட்டு வயிற்றைப் போலப் பல அறைகளாகப் பிரிந்தது. உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றித் தருகின்றன. அந்த வயிற்றுக்குள் ரொட்டியும் பிஸ்கட்டும் இனிப்பும் போனால், அவை வேகமாகப் புளித்து வயிற்றை உப்பவைக்கும். நுண்ணுயிர்களின் கணக்கே மாறிப்போகும். பயற்றங்காய் பச்சைக் காய்தானே, அதனால் என்ன என்று கேட்கலாம். ரொட்டியைவிடப் பரவாயில்லைதான். ஆனால் கையிலிருந்து வாங்கித் தின்னப் பழகிய குரங்கு காட்டில் தேடித் தின்பதைக் குறைத்துக்கொண்டு சாலையோரத்தில் காத்திருக்கும், காரில் அடிபடும். மனிதனின் நோய் அதற்கும், அதன் நோய் மனிதனுக்கும் போக வழி உண்டு. கெராக்களோ கொடுக்காதவரை மிரட்டக் கற்றுக்கொள்கின்றன. பிள்ளை ஆசைப்படுகிறதே என்று கொடுப்பவர்களை அங்கே யாரும் திட்டப்போவதில்லை. ஆனால் அதே குரங்குகள் கீழே இறங்கிக் கரையோரக் காட்டில் இளந்தளிர் பறித்துத் தின்னும் காட்சியை ஒருமுறை காட்டிவிட்டால், பயற்றங்காய்க் கட்டை நீட்டுவதில் பிள்ளைக்கே சுவாரசியம் போய்விடும்.

அமாவாசையும் கடல் நீரும்

கீழே இறங்குமுன் ஒரு கணக்கு பார்த்துக்கொள்ள வேண்டும். கரையோர நடையில் எதைப் பார்க்கலாம் என்பதை முடிவு செய்வது கடிகாரம் அல்ல, கடலின் ஏற்ற இறக்கம். மலாக்கா நீரிணையில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை இறங்கும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம். அப்படிப்பட்ட நாள்களில் கிள்ளான் துறைமுகக் கரையில் நீர்மட்டம் நான்கு மீட்டருக்கும் மேல் மாறுகிறது. ஒரு மாடி வீட்டின் உயரம் அது. ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கடற்கரைக்குப் போனவர்கள், நின்ற இடத்திலேயே தண்ணீர் முட்டிவரை ஏறுவதைப் பார்த்திருப்பார்கள்.

நடைக்கு ஏற்றது நீர் வடிந்துகொண்டிருக்கும் நேரம். சேறு வெளியே தெரிந்தால்தான் நண்டும் மீனும் வெளிவரும். அவற்றைத் தின்னப் பறவையும் இறங்கும். ஏற்ற இறக்க அட்டவணை இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. காலை வேளையில் இறக்கம் வரும் நாளைத் தேர்ந்தெடுத்தால் வெயிலும் தாங்கும். நனைந்தாலும் கவலையில்லாத காலணி, முழுக்கைச் சட்டை, கொசு மருந்து, தண்ணீர் அவசியம். கொசுவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சதுப்புக்காட்டில் அதற்குப் பஞ்சமே கிடையாது.

பூங்காவுக்குள் முதலில் வருவது உவர்நீர் ஏரி. அதைச் சுற்றி மண்பாதையும், பறவை பார்க்க உயரமான கோபுரங்களும் உண்டு. வெள்ளைக் கொக்குகள் எப்போதும் இருக்கும். பகலெல்லாம் மரத்தில் தோள் குறுக்கித் தூங்கிவிட்டு, மாலையில் குவாக் என்று ஒற்றைக் குரல் கொடுத்துப் பறப்பது வக்கா. நீல முதுகும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாகக் கம்பியில் உட்கார்ந்து சத்தமாகக் கத்தும் மீன்கொத்தியைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. யோகம் இருந்தால் பெருநாரை ஒன்று சேற்றில் நிற்பதைக் காணலாம். ஏறக்குறைய நான்கு அடி உயரம், கனத்த அலகு, மயிரில்லாத தலை. மலாய்க்காரர்கள் அதற்கு வைத்த பெயரிலேயே ‘போத்தாக்’ இருக்கிறது. கிராமத்துப் பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வயலைச் சுற்றிப் பார்ப்பதுபோலத்தான் அது நடக்கும்.

தண்ணீரில் நேர்க்கோடாக ஒரு தலை நகர்ந்து வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது பியாவாக். நம்மவர்கள் உடும்பு என்று சொல்லும் இந்த நீர்ப்பல்லி செத்த மீனையும் தின்று கரையைச் சுத்தமாக வைத்திருக்கிறது. இரண்டு மூன்று தலைகள் சேர்ந்து முங்கி முங்கி எழுந்து, சின்னச் சத்தமும் கேட்டால் அது நீர்நாய்க் குடும்பம். அதைப் பார்க்கக் கிடைத்த நாளில் வேறு எதையும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

நம் பாட்டன்கள் தோண்டிய கால்வாய்

ஏரியைத் தாண்டியதும் நீளமான மண்கரை வருகிறது. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே எழுப்பிய தடுப்பு அது. இதன்மேல் நிற்கும்போது தோட்டத்து வரலாறு கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு வேறு ஒன்றும் நினைவுக்கு வரும். சிலாங்கூரின் கரையோரத் தாழ்நிலங்கள் பலவும் ஒரு காலத்தில் இதே போன்ற சதுப்பு. காட்டை வெட்டி, மண்கரை எழுப்பி, கால்வாய் தோண்டித் தண்ணீரை வடித்துத்தான் அங்கே காப்பியும் தென்னையும் ரப்பரும் நட்டார்கள். கேரித் தீவு அப்படி உருவான நிலம். சகதியில் இடுப்பளவு நின்று மண்வெட்டி பிடித்தவர்களில் தமிழரும் உண்டு, ஜாவானியரும் உண்டு. கால்வாய் கடலில் சேரும் இடத்தில் ஒரு மதகுக் கதவு இருக்கும். கடல் இறங்கும்போது திறந்து உள்நீரை வெளியே விடும், ஏறும்போது மூடிக்கொள்ளும். செம்பனைத் தோட்டங்கள் இன்றும் இந்த ஏற்பாட்டில்தான் காய்ந்து நிற்கின்றன.

அந்த மண்கரையைக் காப்பது எது என்றால், அதற்கு முன்னால் நிற்கும் காடு. மலாயில் பாக்காவ் காடு என்போம். தமிழில் கண்டல் காடு என்றும் அலையாத்திக் காடு என்றும் பெயர் உண்டு. அலையை ஆற்றுவதால் அலையாத்தி. காரணம் இல்லாமல் வைத்த பெயரல்ல. நெருங்கி நிற்கும் வேர்களுக்குள் புகும் அலை வேகம் இழக்கிறது. அது கொண்டுவந்த வண்டல் அங்கேயே படிகிறது. காடு இருக்கும்வரை கரை தேய்வது குறைவு. காடு போனால் அலை நேராக மண்ணில் மோதும். அப்புறம் கல்லும் சிமெண்டும் கொட்ட வேண்டியதுதான்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து நாட்டின் கரையோரங்களில் இந்த மரங்களை நடும் அரசுத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வும், மரங்கள் அடர்ந்த பகுதிக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவாக இருந்ததைக் காட்டியது. எவ்வளவு பெரிய அலையையும் மரம் தடுத்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ஒவ்வோர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வரும் ஏற்றத்தை, ஒரு காசு செலவில்லாமல் அது தாங்கிக்கொள்கிறது.

மண்கரையைத் தாண்டிக் காட்டுக்குள் போகும் நடைபாதைதான் இந்த நடையின் உயிர். உப்புக்காற்றில் பலகை சீக்கிரம் உளுத்துப்போகும்; சில நேரம் பழுதுபார்க்க மூடிவிடுவார்கள். நுழைவாயிலில் கேட்டுக்கொள்வது நல்லது.

உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது தரையிலிருந்து பென்சில் பென்சிலாக மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான குச்சிகள். முளைத்த செடிகள் என்று நினைக்கத் தோன்றும். அவை அப்பி-அப்பி மரத்தின் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் வேரே மேலே வந்து மூச்சு வாங்குகிறது. இந்த மரம் உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும். வெயில் நாளில் இலையைத் தடவி விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இதைச் செய்துகாட்டத் தவறக் கூடாது. ஆனால் எந்த மரம் என்று உறுதியாகத் தெரிந்தபின் செய்ய வேண்டும். ஏனென்றால் நம் நாட்டுக் கரைகளில் பூத்தா-பூத்தா என்றொரு மரமும் வளர்கிறது; அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பெயரே எச்சரிக்கைதான். தமிழில் அதற்குத் தில்லை என்று பெயர். சிதம்பரத்தைத் தில்லை என்று சொல்வது இந்த மரக்காட்டை வைத்துத்தான்.

பாக்காவ் மரமோ வேறு வழி கண்டுபிடித்திருக்கிறது. நடுத் தண்டிலிருந்து வில்லாக வளைந்த கால்களை ஊன்றிக்கொண்டு அது நிற்கிறது. அதன் விதை மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடும். முருங்கைக்காய் போல் நீண்டு பச்சையாகத் தொங்குவது காய் அல்ல, குழந்தைச் செடி. நேரம் வந்ததும் கழன்று விழுந்து சேற்றில் குத்திக்கொண்டு நிற்கும். இல்லையென்றால் மிதந்து போய் வேறு கரையில் ஒதுங்கும். பேரா மாநிலத்து மாத்தாங்கில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த மரத்தை முறைவைத்து வெட்டி, மீண்டும் நட்டு, கரி சுட்டு வருகிறார்கள். வெட்டினாலும் காடு நிற்கும்படி செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் நாட்டில் இல்லை.

சற்று நேரம் அசையாமல் நின்றால் சேறு அசையத் தொடங்கும். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு நண்டு எட்டிப் பார்க்கும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிதாக இருக்கும். அதைத் தூக்கித் தூக்கி இறக்கிப் பெண்ணை அழைக்கும். பெண்ணுக்கு இரண்டும் சிறியவை. அது பாட்டுக்கு இரண்டு கையாலும் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். உதிர்ந்த இலைகளைத் துளைக்குள் இழுத்துப் போவதும் நண்டு வகைகள்தான். அந்த இலைத்தூள்தான் புழுவுக்கும் இறால் குஞ்சுக்கும் மீன் குஞ்சுக்கும் போய்ச் சேருகிறது. கடை மேசைக்கு வரும் நண்டின் கணக்கு இங்கே தொடங்குகிறது.

நண்டுகளுக்கு நடுவே துள்ளுவது சேற்றுத்தாவி. மீன்தான், ஆனால் தண்ணீருக்கு வெளியே இருப்பதையே விரும்பும் மீன். தோல் வழியாகவும் ஈரமாக வைத்திருக்கும் செவுள் அறை வழியாகவும் மூச்சு விடுகிறது. முன்துடுப்பைக் கையாக ஊன்றி நடக்கிறது. தலை உச்சியில் இரண்டு கண்ணும் புடைத்து நிற்கும். காய்ந்தால் உள்ளே இழுத்து நனைத்துக்கொள்ளும். பெரிய வகை ஒரு சாண் நீளத்துக்கும் மேல் வளரும். அது சேற்றில் ஆழமாகக் குழி தோண்டி முட்டையிடுகிறது. குழிக்குள் இருக்கும் நீரிலோ காற்றே இல்லை. அதனால் வாய் நிறையக் காற்றைக் கொண்டுபோய் உள்ளே விட்டு வருகிறது, முட்டை மூச்சுத் திணறாமல் இருக்க. பினாங்கில் ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள்.

காடு முடியும் இடத்தில் திறந்த சேற்றுவெளி. செப்டம்பர் முதல் மார்ச் வரை இங்கே வேறு நாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள். சைபீரியாவின் குளிரிலிருந்து தப்பி வரும் சிவப்புக்கால் உள்ளான்களும், கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகுடைய கரைப்பறவைகளும் சேற்றைக் குத்திக் குத்திப் புழு தேடுகின்றன. ரஷ்யாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை 22 நாடுகளைத் தொடும் இந்த வான்வழியில் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் பயணம் செய்கின்றன. இதே வழியில் 2022-இல் பிறந்து ஐந்து மாதமே ஆன மூக்கன் வகைப் பறவை ஒன்று, அலாஸ்காவிலிருந்து தாஸ்மானியா வரை 13,500 கிலோமீட்டருக்கும் மேல், 11 நாளில், எங்கும் இறங்காமல் பறந்து சாதனை படைத்தது.

எல்லாப் பறவையும் அப்படிப் பறக்க முடியாது. நெடுஞ்சாலையில் எண்ணெய் நிலையம்போல இடையிடையே சேற்றுவெளி வேண்டும். தென்கொரியாவின் சேமாங்கும் கழிமுகத்தில் 33 கிலோமீட்டருக்கு மேல் நீளமான கடற்சுவரைக் கட்டி 2006-இல் மூடினார்கள். அதையே நம்பியிருந்த கரைப்பறவைகள் பல்லாயிரக்கணக்கில் குறைந்தன. வேறெங்கும் போய்ச் சேர்ந்ததாகவும் தெரியவில்லை. ஒரு நாட்டில் மூடிய சேற்றின் கணக்கை இன்னொரு நாட்டுக் கரையில் காலியான இடம் காட்டுகிறது. சிலாங்கூர் கரையும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான். நிலம் மீட்பு, வீடமைப்பு, இறால் பண்ணை என்று எந்தப் பெயரில் கரையோரம் கேட்கப்பட்டாலும், “அது சும்மா கிடக்கும் சேறு” என்ற சொல்தான் முதலில் வருகிறது. கெராங் விளைவதும் அதே சேற்றில்தான் என்பதை, கெராங் விலை ஏறியதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளும்போது யாரும் நினைப்பதில்லை.

தலைக்கு மேலே ஒருமுறை பார்க்க வேண்டும். செங்காவி உடம்பும் வெள்ளைக் கழுத்துமாக வட்டமிடுவது கருடன். கும்பாபிஷேகத்தன்று கலசத்துக்கு மேலே எப்போது வரும் என்று கோயில் வாசலில் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கிறோமே, அதே பறவை. இங்கே அது நாள்தோறும் வருகிறது, மீனுக்காக.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் தெம்பு இருப்பவர்கள் இருட்டும்வரை காத்திருந்து கம்போங் குவாந்தானுக்குப் போகலாம். ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் விநாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை மின்னுகின்றன. பெரெம்பாங்கும் சதுப்பு மரம்தான். காலையில் நடந்த காட்டின் உறவு. மரத்தில் மின்னுவது வளர்ந்த பூச்சி. அதன் புழு மாதக்கணக்கில் வாழ்வது பின்னாலுள்ள நீப்பா, ரும்பியா புதர்களின் ஈரத் தரையில், சிறு நத்தைகளைத் தின்றுகொண்டு. ஆற்றோரத்து மரத்தை மட்டும் விட்டுவைத்துப் பின்னாலுள்ள புதரை வெட்டித் தோட்டம் போட்டால், சில ஆண்டுகளில் மரம் இருக்கும், வெளிச்சம் இருக்காது.

துடுப்புப் படகில் நான்கு பேர்தான் ஏறலாம். கைப்பேசி விளக்கையும் கேமரா பிளாஷையும் அணைத்துவிடச் சொல்வார்கள். நடு ஆற்றில் படகோட்டி துடுப்பை நிறுத்தியதும் கண் பழக ஓரிரு நிமிடம் ஆகும். முதலில் ஒரு கிளை மின்னும், பிறகு அடுத்தது, அப்புறம் மரம் முழுவதும்.